மூக்கைப் பிடிச்ச டீச்சர்

வேண்டாம் மாமி, உள்ள வரல. இங்கன வாசல்லயே உக்காந்துக்கிடுதேன், நல்லா காத்து வருது. அட, அதுக்கில்ல. நாங்க முஸ்லிமுன்னு தயங்குதேன்னு நெனைக்காதிய, உங்க வீட்ல அதெல்லாம் பாக்கமாட்டாவன்னு டீச்சரே சொல்லிருக்காவ. காலப் பாருங்க, பூரா சகதி. தாராவியில இருந்து நடந்தே வாரோம். பிள்ளை வேணா உள்ள வரட்டும். லே நயினாரு, செருப்பக் கழத்திட்டுப் போ. பாத்தியளா, நான் சொன்னா அசையமாட்டான்.

டீச்சர் இல்லையா? காய் வாங்கவா, கிங்ஸ் சர்க்கிளுக்கா. வர அரைமணி ஆகுமோ. சரி, நல்லதாப் போச்சு. இல்ல, நல்லதுன்னா, உங்ககிட்டத்தான் மொதல்ல பேசணும்னு வந்தேன். அவுக மொகத்தைப் பாத்தா எனக்கு வார்த்தை வராது.

நான் ராபியா. ஆஸ்பத்திரியில டீச்சர்கிட்ட வருமே, வாய்க்குள்ள அண்ணத்துல ஓட்டை இருந்த பிள்ளை, அதோட உம்மா. எங்க வீட்ல அவுக பேரு கரீம் பாட்சா, தாராவியில தோல் பெட்டி தைக்கிற கார்கானா வச்சிருக்காவ. டீச்சர் சொல்லிருப்பாவளே. சொன்னதில்லையா. நயினாரைப் பத்தியுமா சொன்னதில்ல? அது தெரியுமா. நயினார் சிரிச்சான், நயினார் ஏழு கரண்டி சாப்பிட்டான்னு வந்து சொல்லுவாவளா. ம். பிள்ளை பேரு தெரியும், பெத்தவ பேரு தெரியாது. குத்தமாச் சொல்லல மாமி. டீச்சர்கிட்ட வார இந்த ஏழு மாசமா எனக்கு எல்லாமே இப்படித்தான் இருக்கு.

பாகிஸ்தான் சண்டை நேரத்துல பெறந்தவன் இவன். பம்பாயே விளக்கணைச்சு, ஜன்னல்ல கறுப்புக் காகிதம் ஒட்டிக் கெடந்துச்சுல்ல, அப்போ. அரிக்கேன் விளக்கைத் துணியால மூடி வச்சுக்கிட்டுத்தான் மருத்துவச்சி பிள்ளையை எடுத்தா. உதடு லட்சணமா இருந்துச்சு, மூக்கு எங்க வாப்பா மூக்கு. வாய்க்குள்ள மேல ஓட்டை இருக்கது அந்த இருட்டுல யாருக்குத் தெரியும். பால் குடுத்தா மூக்கு வழியா வருது. எனக்கு நெஞ்சு பூரா பால் கட்டிக் கெடக்கு, பிள்ளையால இழுக்க முடியல. எங்க மாமியா என்னன்னா, நீ கிரகணத்தன்னைக்கு அருவாமணையத் தொட்டுருப்பங்காவ. நான் கர்ப்பமா இருந்தப்ப கிரகணம் எப்ப வந்துச்சு எப்ப போச்சுன்னே எனக்குத் தெரியாது.

அப்புறம் சங்குதான். ஊர்ல இருந்து வந்த வெள்ளிச் சங்கு. பாலைப் பீச்சி எடுத்து, மடியில மல்லாத்திப் போட்டு, சொட்டுச் சொட்டா. ஒரு நேரம் குடிச்சு முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். கொஞ்சம் குடிப்பான், மூக்குல வரும், தொடைப்பேன், மறுபடி ஊத்துவேன். ரெண்டு வருசம் மாமி. நான் ஒரு கல்யாணத்துக்குப் போனதில்ல, ஒரு மவுத்துக்குப் போனதில்ல. வேற யாரு சங்கை எடுத்தாலும் வாயை இறுக்கி மூடிக்கிடுவான். எங்க மாமியா கையில குடிக்கமாட்டான், எங்க வீட்ல அவுக கையிலயும் குடிக்கமாட்டான். எல்லாருக்கும் அது பாடு. எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள ஒரு பெருமை. இந்தப் பம்பாயில லட்சக்கணக்கா சனம் இருக்கு, என் பிள்ளை உசுரு என் ஒருத்தி கையில இருக்குன்னு. சொன்னா சிரிப்பிய.

ரெண்டு வயசுல ஆப்ரேசன் பண்ணி ஓட்டையத் தச்சாவ. தச்சதும் சரியாயிரும்னு நெனச்சோம். ஆகல. கரண்டியக் கொண்டு போனா ஓங்கரிப்பான், சங்குதான் வேணும். பேச்சும் வரல. எதைச் சொன்னாலும் காத்து மூக்கு வழியாப் போயிரும், எல்லாம் ம்ம்முன்னுதான் கேக்கும். பெரிய டாக்டரம்மா சொன்னாவ, பேச்சுக்குன்னு புதுசா ஒரு ரூம் தொறந்திருக்கோம், அங்க ஒரு டீச்சர் சாப்பிடவும் சொல்லிக் குடுப்பா, பேசவும் சொல்லிக் குடுப்பான்னு. நாங்க வெளிய வந்து சிரிச்சோம். சாப்பிடச் சொல்லிக் குடுக்க ஒரு டீச்சரா, அதுக்கு ஒரு படிப்பான்னு.

போய்ப் பாத்தா, உங்க மக. சின்னப் பொண்ணு. அபயாம்பாள்னு பேரு சொல்லி, வாங்கோ உக்காருங்கோன்னு தமிழ்லயே பேசுனாவ. அந்த ஆஸ்பத்திரியில தமிழ் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துருச்சு, பொய் சொல்லக்கூடாது. மொத நாளு ஒண்ணும் பண்ணல. நீங்க எப்படிக் கொடுப்பேளோ அப்படியே கொடுங்கோ, நான் பாக்கறேன்னாவ. நானும் பெருமையா மல்லாத்திப் போட்டுச் சங்கை எடுத்து ஊத்துனேன். ரெண்டு வாய் பாத்தாவ. மெதுவா என் கையைப் புடிச்சு நிறுத்துனாவ. படுக்க வச்சு ஊத்தினா நெஞ்சுக்குள்ள போயிடும்மா, அதான் கொழந்தைக்கு அடிக்கடி சளி வரதுன்னாவ.

இவனுக்கு ரெண்டு தரம் நிமோனியா வந்துருக்கு மாமி. ஒரு தரம் பொழைக்கமாட்டான்னே சொல்லிட்டாவ. அப்ப அது என் சங்காலயான்னு நான் கேக்கல. அவுகளும் சொல்லல. ஆனா அதுக்கு வேற என்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்க. வெளிய வந்து, வந்த பஸ்ஸையும் விட்டுட்டு நிக்கேன். அன்னைக்குத்தான் மொத மொதல்ல உங்க மகள எனக்குப் பிடிக்காமப் போச்சு.

ஐயோ, சாயா எல்லாம் எதுக்கு மாமி. காப்பியா. சரி, அங்கனயே வைங்க, ஆறட்டும்.

அப்புறம் வாரம் ரெண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும். பிள்ளைய நேரா உக்கார வச்சு, முதுகுக்குத் தலைகாணி குடுத்து, கேப்பைக் கஞ்சியக் கெட்டியா காச்சி, சின்னக் கரண்டி. கரண்டிய நாக்கு மேல லேசா அமுக்கிட்டுச் சும்மா இருப்பாவ. அவன் வாயை மூடுற வரைக்கும் எடுக்கமாட்டாவ. எத்தனை நேரமானாலும் அப்படியே. மூணாவது வாரம் வாயை மூடி முழுங்குனான். மூக்குல ஒரு சொட்டு வரல. ஏழு கரண்டி. அந்த ஏழுதான் உங்ககிட்ட வந்து சொன்னது.

நான் பக்கத்துலதான் நிக்கேன். என் மொகத்தை ஒரு தரம் பாக்கல அவன். டீச்சர் மொகத்தையே பாத்துக்கிட்டு ஆ, ஆன்னு வாயத் தொறக்கான்.

வீட்டுக்கு வந்து அதே கஞ்சி, அதே மாதிரி கரண்டி, அதே தலைகாணி. மொகத்தைத் திருப்பிட்டான். பாறை மீன் ஆணத்துல, அதான் கொழம்பு, சோத்தைக் கரைச்சு வச்சேன், வழிச்சுத் துப்பிட்டான். டீச்சர் ஒருநாள் தயிர்சாதம் மசிச்சுக் கொண்டாந்திருக்காவ, அது உங்க கையால பெசஞ்சதுதானே, அதைத் தின்னுருக்கான். எங்க வீட்ல பெறந்துட்டு மீன் ஆணம் வேண்டாம், மாட்டுங்கா தயிர்சாதம் வேணுமாம். எங்க வீட்ல அவுக விழுந்து விழுந்து சிரிக்காவ. எனக்குச் சிரிப்பு வரல.

அதையும் பொறுத்துக்கிட்டேன் மாமி. பிஸ்மியத்தான் பொறுக்க முடியல. நாங்க பிள்ளைக்கு ஊட்டுறதுக்கு முன்னாடி பிஸ்மில்லான்னு சொல்லுவோம். ரெண்டு வருசமா நான் சங்கை எடுக்கையில சொல்லிச் சொல்லி, அதைக் கேட்டாலே இவன் வாயத் தொறந்துருவான். ஒருநாள் நான் வாய்க்குள்ள சொன்னதை டீச்சர் கேட்டுட்டாவ. என்னம்மா சொன்னேள், இன்னொரு தரம் சொல்லுங்கோன்னு கேட்டு, ரெண்டு மூணு தரம் சொல்லிப் பழகி, அடுத்த வெள்ளிக்கிழம கரண்டிய எடுத்து, நயினார், பிஸ்மின்னாவ. படக்குன்னு வாயத் தொறந்தான். அங்க இருந்த ஆயா கையைத் தட்டுனா. எல்லாருக்கும் ஆச்சரியம், ஒரு ஐயர் வீட்டுப் பொண்ணு பிஸ்மி சொல்லுதேன்னு. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா. பிள்ளைய எடுத்தாச்சு, சங்கைப் பிடுங்கியாச்சு, இனி என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான், அதையும் எடுத்துக்கிட்டாளேன்னு. ஆமா, எடுத்துக்கிட்டாளேன்னுதான் நெனச்சேன். மனசுக்குள்ள மரியாதை எங்க வரும்.

பொறாமைதான் மாமி. வேற பேரு எதுக்கு அதுக்கு. பொறாமைதான்.

நான் என்ன செஞ்சேன்னா, செவ்வாய்க்கிழம கெளம்புறதுக்கு முன்னாடி கதவைச் சாத்திக்கிட்டு வயிறு முட்டச் சங்குல பாலை ஊத்தி விட்டுருவேன். அங்க போனா பசி எங்க இருக்கும். கரண்டியப் பாத்ததும் தலையத் திருப்புவான். டீச்சர் நோட்டுல எழுதுவாவ, எடை போடுவாவ, என்னாச்சு கொழந்தைக்கு, நான் எங்க தப்புப் பண்றேன்னு தனக்குத்தானே கேட்டுக்கிடுவாவ. ஒருநாள் கண்ணு கலங்கிருச்சு அவுகளுக்கு. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. அந்த ரூம்ல நிக்கேன், சந்தோசமா இருக்கு.

இருங்க, எந்திரிக்காதிய. முழுசாக் கேட்டுருங்க.

இந்த மூக்கைப் பிடிக்கிற விசயம். ஆமா, அதுக்குத்தான் டீச்சர் மேல ஆஸ்பத்திரிக்குப் புகார் அர்ஜி போயிருக்கு, தெரியும். அது என்னன்னா, காத்து மூக்கு வழியாப் போனா ப்ப-ன்னு சொல்ல வராது. அதனால பஞ்சை ஊதச் சொல்லுவாவ, மூக்குக்குக் கீழ சின்னக் கண்ணாடிய வச்சு ஆவி படியுதான்னு பாப்பாவ. அப்புறம் ரெண்டு விரலால மூக்கை லேசா மூடி, பா சொல்லு நயினார்னுவாவ. ஒண்ணு ரெண்டு எண்ணுறதுக்குள்ள விட்டுருவாவ. தன் மூக்கைத் தானே மூடிக்காட்டி மொதல்ல அவுக சொல்லுவாவ, அப்புறம்தான் அவன். இவனுக்கு அது பெரிய வெளையாட்டு. அப்படி ஒருநாள், பா வந்துருச்சு. சுத்தமா, மத்த பிள்ளைக சொல்லுத மாதிரி.

எங்க வீட்ல அவுகளுக்குத் தலைகால் புரியல, வாப்பான்னு கூப்பிடப் போறான்னு. ரெண்டு கிலோ சுத்தமான நெய் மிட்டாய் வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவ. உங்க வீட்டுக்கும் வந்துச்சா. எனக்கு ஒரு துண்டு வரல. பக்கத்துக் கோலி வீட்ல சபுரான்னு ஒருத்தி, அவ சொல்லுதா, பெத்தது நீ, பேச வச்சது அவன்னு. வெளையாட்டாத்தான் சொன்னா. அன்னைக்கு நான் சோறு திங்கல.

அதுக்கு அடுத்த வாரம் வீட்ல வச்சு நான் கஞ்சி குடுக்கேன். ரெண்டு வாய் எப்படியோ வாங்கிட்டான். மூணாவதுக்கு என் கையைத் தள்ளிவிட்டுட்டுச் சொன்னான் பாருங்க, போறும்னு. ஆமா மாமி, போதும்னு இல்ல, போறும். உங்க வீட்டு வார்த்தை. டீச்சர் ஒவ்வொரு தரமும் போறுமா போறுமான்னு கேட்டுக் கேட்டுச் சொல்லிக் குடுத்தது. என் பிள்ளை எனக்குச் சொன்ன மொத வார்த்தை, போறும். வீட்ல எல்லாரும் அவனைத் தூக்கி வச்சுக்கிட்டு ஆடுதாவ. எங்க மாமியா கூட, வாங்க ஐயரேன்னு கேலி பண்ணுதாவ. நான் புர்காவ மாட்டிக்கிட்டு வெளிய வந்துட்டேன்.

எங்க போனேன்னா கேக்கிய. சொல்லுதேன். மொதல்ல இவன் கதைய முடிச்சுருதேன்.

அந்த அர்ஜியால டீச்சரை வேலைக்கு வராம வீட்ல இருக்கச் சொல்லி இன்னைக்குப் பன்னெண்டு நாளு ஆச்சா. பதிமூணா. நீங்க சரியா எண்ணிருப்பிய. வார திங்கக்கிழம விசாரணை, தெரியும். எங்களுக்கு ஒண்ணும் சொல்லல, செவ்வாய்க்கிழம போனா அவுக நாற்காலியில ஒரு நர்ஸம்மா. நல்ல மனுசிதான், ஆனா அவசரம். தாடையைப் பிடிச்சுக் கரண்டிய உள்ள விட்டா. இவன் வாயை இறுக்கி மூடுனவன்தான். அன்னையில இருந்து கஞ்சியும் இல்ல சோறும் இல்ல, சீனித் தண்ணிதான் எப்பவாவது ரெண்டு மடக்கு. எலும்பு தெரியுது பாருங்க, சட்டையத் தூக்கிக் காட்டட்டா. நான் என்ன நெனச்சேன், இனி எனக்குத்தானே, சங்கை எடுப்போம்னு எடுத்தேன். கழுவித் தொடைச்சுப் பால் ஊத்தி, பிஸ்மி சொல்லி. வாயத் தொறக்கல மாமி. கையால ஒரு தட்டு. சங்கு போய்ச் செவுத்துல அடிச்சு நெளிஞ்சு போச்சு.

அப்புறம் தினமும் பதினோரு மணி வாக்குல, டீச்சர்கிட்ட போற நேரம், இவனே தலைகாணிய இழுத்துட்டு வந்து செவுத்தோரமா நேரா உக்காந்துக்கிடுவான். ரெண்டு விரலால தன் மூக்கைத் தானே பிடிச்சுக்கிட்டு, பா, பான்னு சொல்லிக்கிட்டுக் கதவையே பாப்பான். யாரும் கட்டாயப்படுத்தல. மூச்சும் முட்டல.

நேத்து நான் அவன் பக்கத்துல தரையில உக்காந்து அழுதுக்கிட்டிருந்தேன். அவனா எந்திரிச்சு வந்தான், என் மூக்கைப் பிடிச்சான், என் வாயையே பாத்துக்கிட்டு நின்னான். நான் பா சொன்னேன். சிரிச்சான். இன்னொரு தரம் பிடிச்சான், இன்னொரு தரம் சொன்னேன். அப்படியே கஞ்சியக் கொண்டாந்து கரண்டிய நாக்கு மேல வச்சு, டீச்சர் மாதிரியே கையை ஆட்டாம இருந்தேன். வாயை மூடுனான். நாலு வாய் மாமி. நாலு வாய் முடிஞ்சதும் போறும்னான்.

அப்பத்தான் எனக்கு ஒறச்சுது. போறும்னா நீ வேண்டாம்னு இல்ல. சாப்பிட்டவன்தானே போறும்னு சொல்லுவான். அதைச் சொல்ல ஒரு வார்த்தை வேணும்னு மொதல்ல அதைச் சொல்லிக் குடுத்திருக்காவ, அழுது துப்பாம இருக்கதுக்கு. எனக்கு அது மூணு வாரம் கழிச்சுத்தான் புரியுது.

ஆனா நாலு வாய் போதாதுல்ல. ஒரே ஒரு பா இருக்கு, இன்னும் கா இருக்கு, டா இருக்கு, எல்லாம் இருக்கு. அதெல்லாம் என்னால முடியாது. எனக்கு அந்தப் படிப்பு இல்ல.

அர்ஜி குடுத்த பாவி யாருன்னு மூணாவது தரம் கேக்கிய. அன்னைக்குப் புர்காவ மாட்டிக்கிட்டு நான் போனது தபாலாபீசுக்கு. வெளிய கணேசபாண்டியன்னு ஒருத்தர் டைப்பு மிசின் வச்சுக்கிட்டு அர்ஜி அடிச்சுக் குடுப்பாரு, எங்க ஊரு பக்கம்தான். மூக்கைப் பிடிச்சாவளான்னு கேட்டாரு, ஆமான்னேன். பிள்ளை மூச்சு முட்டுச்சான்னு கேட்டாரு. அதுக்கும் ஆமான்னேன். இங்கிலீசுல அடிச்சு மையை நீட்டுனாரு. அந்த அர்ஜிக்கு அடியில இருக்க ரேகை என்னோடதுதான் மாமி.

இந்தாங்க, இது நேத்து சாயங்காலம் அடிச்சது, அவருதான் அடிச்சாரு. மொத அர்ஜியில சொன்னது பொய்யின்னு இதுல இருக்கு. சங்கைப் பத்தியும் சொல்லி எழுதச் சொல்லிருக்கேன். பெருவிரலப் பாருங்க, மை இன்னும் போகல. எங்க வீட்ல அவுகளுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா என்ன நடக்கும்னு எனக்கும் தெரியாது. பொய் சொன்னவ பிள்ளைக்கு இனி வைத்தியம் இல்லன்னு ஆஸ்பத்திரியில சொன்னாலும் சொல்லுவாவ. திங்கக்கிழம நானே கொண்டு போய்ப் பெரிய டாக்டரம்மா கையில குடுக்கேன். அதுக்கு முந்தி நீங்க ஒரு தரம் படிச்சுப் பாத்துருங்க, டீச்சரைப் பத்தி ஏதாவது விட்டுப்போயிருந்தா சொல்லுங்க.

அதான் உள்ள வரல. காப்பியும் தொடல, பாத்தியளா.

அன்னா, படியில செருப்புச் சத்தம். அவுகதானா. பாருங்க இவன, செருப்பக் கழத்திட்டான், மூக்கையும் பிடிச்சுக்கிட்டான். அவனை மட்டும் உள்ள விடுங்க மாமி. நான் இங்கனயே நிக்கேன்.